ஆறு எழுத்து அகலம்

தெற்கு பஜாரில் ஆசீர்வாதம் அச்சகம்.
நான் அங்கே எழுத்துக் கோப்பவன்.
உலகச் செய்தி எதுவும் என்னிடம்
தலைகீழாகத்தான் வந்து சேரும்.

அந்த ஐப்பசியில் மழை பொய்த்தது.
குறுக்குத்துறைக் கோயிலைச் சுற்றி
மணல்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமை ஒரு கட்டுரை வந்தது.
யூகோஸ்லாவியாவிலும் மழை இல்லையாம்.
மாஸ்கோவோடு முறைத்துக்கொண்டு
தனியே நிற்கிற அந்தச் சிவப்பு நாட்டுக்கு
அமெரிக்கா கப்பலில் தானியம் அனுப்புகிறதாம்.
கொடியை இறக்கு என்று இவன் கேட்கவில்லையாம்,
அவன் இறக்கவும் இல்லையாம்.

எனக்கோ 'ஸ்' தட்டுப்பாடு.
இருந்ததெல்லாம் பண்டிகை வாழ்த்து அட்டையில்
இறுகிக் கிடந்தது.
கிறிஸ்துவைக் கொஞ்சம் அவிழ்த்து
யூகோஸ்லாவியாவுக்குக் கொடுத்தேன்.
ஆசீர்வாதம் ஐயா பார்க்காததுபோல
மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மேலப்பாளையத்திலிருந்து
மீரான் கனி வந்தார்.
இருநூறு பேர் பீடி சுற்றுகிற சங்கம்.
மேலிடம் காட்டிய ஆளைச்
செயலாளராக ஏற்க மாட்டோம் என்றதற்கு
போன வருஷம் விலக்கிவிட்டார்கள்.
சுவரில் அரிவாளும் சுத்தியலும் அப்படியே.
தபாலில் வருகிற பத்திரிகைதான் நின்றுபோயிற்று.

இலை வரவில்லை. மூன்று வாரம் வேலை இல்லை.
கம்பெனி முதலாளி
நாற்பது மூட்டை அரிசி தர இசைந்திருந்தார்,
பாசத்தில் அல்ல,
பெரிய சங்கத்துக்கு வயிறு எரியட்டும் என்று.
அது மீரான் கனிக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியும் என்பது
முதலாளிக்கும் தெரியும்.

கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன்
ரசீது வாசகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார்:
'நாற்பது மூட்டை அரிசி
நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்.'

"நன்றியுடன் வேண்டாம்வே."
"சும்மா வர்ற அரிசிக்கு ஒரு சொல்லு கசக்கோ?"
"எட்டு வருசமா கூலியில பிடிச்சீங்க.
எங்க அரிசிதான், ஊரைச் சுத்தி வருது."
"மகிழ்ச்சியுடன்?"
"யாருக்குவே மகிழ்ச்சி?"
"மரியாதையுடன்னு வச்சுக்கிடுவோம்."
"யாரு, யாருக்கு?"

டீ வந்தது.
இரண்டு பேரும் தனித்தனியே காசு வைத்தார்கள்.
பையன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான்.
நான் கோத்தேன், உருவினேன், மறுபடி கோத்தேன்.
வாசலில் மூட்டை ஏற்றிய வண்டி,
அசைபோடும் மாடு.

மூன்றாவது டீயில் முடிவாயிற்று:
சொல் வேண்டாம். சொல்லின் இடம் இருக்கட்டும்.
முதலில் சொன்னது யார் என்று கேட்டால்
இன்றைக்கும் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

'நாற்பது மூட்டை அரிசி                பெற்றுக்கொண்டோம்.'

முதலாளி அந்த இடத்தில்
வேண்டியதை வாசித்துக்கொள்ளலாம்.
சங்கத்தில் உரக்கப் படிக்கிறவர்
மூச்சுக்கூட விடாமல் தாண்டிப் போகலாம்.
அச்சில் வெற்றிடம் சும்மா விழாது.
ஆறு எழுத்து அகலத்துக்கு
ஈயக்கட்டை அடுக்கி இறுக்கினேன்.
எழுத்தைவிடக் கொஞ்சம் குட்டை, மை தொடாது.
மற்றபடி கையில் அதே கனம்.

மூட்டையை முதலில் பிரித்தவள் ஜைத்தூன் பீவி.
"கல்லு கெடக்கு.
நன்றி போடாததும் நல்லதுதான்" என்றாளாம்.

மறுவாரம் பெரிய சங்கத்தின் சுவரொட்டி:
'விலைபோனவர்கள்.'
அதையும் நாங்கள்தான் அடித்தோம்.

தை மாதம் முதலாளி
ஆயிரம் பீடிக்கு ஓரணா குறைத்தார்.
மீரான் கனியின் ஆட்கள்
கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள்,
வயிற்றில் அந்த அரிசியோடு.

நோட்டீஸ் அடிக்க வந்தவரிடம் கேட்டேன்,
"எங்கேயாவது இடம் விடணுமா அண்ணாச்சி?"
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்,
"நெருக்கிக் கோரும்வே.
காகிதம் விலை கூடிப்போச்சு."